துறைமுகம் ஒன்று, ஊர்கள் நான்கு: அயர்லாந்தின் பால்டிமோர் மீன்பிடிச் சிற்றூரின் வரலாறும் வாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்க் மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ள பால்டிமோர் ஒரு சிறிய மீன்பிடி ஊர். 1631ஆம் ஆண்டு வடஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் அவ்வூரின் மக்களைச் சிறைபிடித்துச் சென்ற நிகழ்ச்சியே அதன் வரலாறாகப் பெரும்பாலும் கூறப்பட்டு வருகிறது. அந்த ஓர் இரவின் நிழலில் ஊரின் நெடிய வாழ்வு மறைந்துவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல் இன்றுவரையிலான அதன் வரலாற்றை இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது. ஒரே துறைமுகத்தில் வெவ்வேறு மக்களைக் கொண்ட நான்கு ஊர்கள் அடுத்தடுத்து எழுந்து மறைந்துள்ளன என்பதும், அவற்றின் ஆக்கத்தையும் அழிவையும் உறுதிசெய்தவை கடலின் மீன்வளத்தைவிட நிலவுரிமை, முதல், போக்குவரத்து, சந்தை ஆகியவையே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அயர்லாந்து, பால்டிமோர், மீன்பிடித் தொழில், குடியேற்றம், கடற்கொள்ளை, பெரும்பஞ்சம், நினைவும் வரலாறும்.

முன்னுரை

மீன்பிடி ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் முதல் இடர் சான்றுகளின் குறைவாகும். உழவுநிலத்திற்கு அளவையும் வரிப்பதிவும் உண்டு. கடலுக்கு அவை இல்லை. வலையும் படகும் மட்கிப் போகும் பொருள்கள். மீனவர் எழுதிவைத்தவையோ மிகச் சில. ஆகவே இத்தகைய ஊர்கள் ஏதேனும் ஒரு பேரிடரின்போது மட்டுமே ஆவணங்களில் தலைகாட்டுகின்றன. இடருக்கு முன்னும் பின்னும் அங்கு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினா விடையின்றி நிற்கிறது.

இரண்டாம் இடர் 'தொன்மை' என்னும் கருத்தால் விளைவது. கடலோரச் சிற்றூரைக் காண்போர், பாட்டன் விரித்த வலையைப் பேரனும் விரிக்கும் மாறாத வாழ்வு அங்கு நிலவுவதாக எண்ணிக்கொள்வர். அந்த எண்ணம் உண்மைக்கு எவ்வளவு தொலைவானது என்பதைப் பால்டிமோர் காட்டுகிறது. அங்கு மாறாதிருப்பது துறைமுகம் மட்டுமே. அதன் கரையில் வாழ்ந்தோரும், அவர்கள் பேசிய மொழியும், தேடிய மீனும், விற்ற சந்தையும் மீண்டும் மீண்டும் மாறியிருக்கின்றன.

1. இடமும் பெயரும்

பால்டிமோர்த் துறைமுகத்தின் சிறப்பு அதன் இயற்கை அமைப்பில் உள்ளது. துறையின் வாயிலை மறித்தாற்போல் ஷெர்கின் தீவு கிடக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் அத்தீவில் மோதித் தளர்வதால் உட்பகுதி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதற்கும் தெற்கே கேப் கிளியர் தீவும், அதைக் கடந்தால் ஃபாஸ்ட்நெட் பாறையும் உள்ளன. அப்பால் திறந்த கடல். வடக்கே ஐலன் ஆற்றின் வழியே உள்நாடு சென்றால் ஸ்கிபரீன் என்னும் சந்தை ஊரை அடையலாம். பெருங்கடலுக்கு அருகில் இருந்தும் அதன் சீற்றத்திற்கு ஒதுங்கியிருக்கும் இந்த இடத்தைக் கப்பலோட்டிகள் தொன்றுதொட்டு விரும்பினர். அவர்களுள் வணிகரும் உண்டு, கொள்ளையரும் உண்டு.

ஊருக்கு ஐரிஷ் மொழியில் வழங்கும் பெயர் 'டூன் நா ஷேட்' என்பது. 'மணிகளின் கோட்டை' என அதற்குப் பொருள் கூறுவர். இன்றும் துறையை நோக்கி நிற்கும் கோட்டையின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. 'பால்டிமோர்' என்பதோ 'பெரிய வீட்டின் ஊர்' எனப் பொருள்படும் ஐரிஷ்த் தொடர் ஆங்கில நாவில் மருவிய வடிவம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் இவ்வூரின் பெயரைக் கொண்டது எனச் சிலர் கருதுவதுண்டு. அந்நகரப் பெயர் பால்டிமோர்ப் பிரபு என்னும் பட்டத்திலிருந்து வந்தது. அப்பட்டம் லாங்ஃபோர்ட் மாவட்டத்து நிலம் ஒன்றைச் சார்ந்தது. பெயர் ஒற்றுமையன்றி இரண்டிற்கும் வேறு தொடர்பில்லை.

2. முதல் ஊர்: சுங்கம் கொண்ட துறை

இடைக்காலத்தின் பிற்பகுதியில் இத்துறை ஓ'டிரிஸ்கால் குடித்தலைவரின் ஆட்சியில் இருந்தது. டூன் நா ஷேட் கோட்டையும் ஷெர்கின் தீவிலிருந்த கோட்டையும் அவர்களுடையவை. தீவில் பிரான்சிஸ்கன் துறவியர் மடம் ஒன்றும் இருந்தது. இத்தலைவர்களின் செல்வம் மீனைப் பிடிப்பதால் வந்ததன்று. பிடிக்க வருவோரிடம் சுங்கம் கொள்வதால் வந்தது. அயர்லாந்தின் தென்கடலில் மீன் தேடி ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சு, இங்கிலாந்து நாட்டுப் படகுகள் ஆண்டுதோறும் வந்தன. துறையில் நங்கூரம் இடுவதற்குக் காசும், மீன் உலர்த்தக் கரையைப் பயன்படுத்துவதற்குக் கட்டணமும், உப்பு, மது, மீன் எனப் பொருளாகவும் தலைவருக்குச் செலுத்த வேண்டியிருந்தது. இவ்வுரிமைகள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த அரசு விசாரணைகளில் பதிவாகியுள்ளன.

சுங்கம் கொள்வதற்கும் கொள்ளையிடுவதற்கும் இடையிலான எல்லை அக்காலத்தில் மெல்லியதாகவே இருந்தது. 1537ஆம் ஆண்டு, வாட்டர்ஃபோர்ட் வணிகருக்கு மது ஏற்றிவந்த போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலால் இப்பகுதியில் ஒதுங்கியது. உதவுவதாகக் கூறிய ஓ'டிரிஸ்கால்கள் அதைக் கைப்பற்றி மதுவைப் பங்கிட்டுக்கொண்டனர். வாட்டர்ஃபோர்ட் நகரத்தார் படைதிரட்டி வந்து பழிவாங்கினர். ஷெர்கின் தீவின் கோட்டையும் மடமும் சூறையாடப்பட்டன; பால்டிமோரும் எரியுண்டது. 1631இல் நிகழ்ந்ததற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவ்வூர் கடல்வழி வந்தோரால் அழிந்திருக்கிறது. அவ்வழிவைச் செய்தோர் அயர்லாந்தின் மற்றொரு துறைமுக நகரத்தாரே. பொதுநினைவில் இந்நிகழ்ச்சிக்கு இடமில்லை என்பது பின்னர் வரும் ஆய்வுக்கு இன்றியமையாத குறிப்பாகும்.

1601இல் ஸ்பெயின் நாட்டுப் படை கின்சேலில் இறங்கியபோது ஓ'டிரிஸ்கால்கள் தம் கோட்டைகளை அப்படைக்குத் திறந்துவிட்டனர். கின்சேல் போரில் ஐரிஷ்த் தலைவர்கள் தோற்றபின் குடியின் இளையோர் பலர் ஸ்பெயினுக்குப் புலம்பெயர்ந்தனர். முதிய தலைவர் ஃபினீன் ஓ'டிரிஸ்கால் ஆங்கில அரசிக்கு முன்பே பணிந்து, 'சர்' பட்டமும் பெற்றவர். ஆயினும் கடன்சுமையால் தம் துறையைக் குத்தகைக்கு விடும் நிலைக்கு வந்தார். முதல் ஊரின் வரலாறு அத்துடன் முடிகிறது.

3. இரண்டாம் ஊர்: மத்தி மீனால் எழுந்த குடியேற்றம்

குத்தகை எடுத்தவர் தாமஸ் குரூக் என்னும் ஆங்கில வழக்கறிஞர். பதினேழாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் இங்கிலாந்திலிருந்து புரோட்டஸ்டன்ட் குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றினார். ஊர் விரைந்து வளர்ந்தது. நகராண்மை உரிமையும், 1613இல் கூடிய அயர்லாந்து நாடாளுமன்றத்திற்கு இரு உறுப்பினரை அனுப்பும் உரிமையும் அதற்குக் கிடைத்தன. பாக்கம் பட்டினமாகும் காலம் வந்துவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

இவ்வளர்ச்சிக்கு அடிப்படை 'பில்ச்சர்ட்' என்னும் மத்தி வகை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இம்மீன் பெருந்திரளாகக் கரையை ஒட்டி வரும். உயர்ந்த பாறைமேல் நிற்கும் காவலர் நீரின் நிறமாற்றத்தைக் கொண்டு மீன்திரளை அறிந்து, கீழே படகில் இருப்போருக்குச் சைகை காட்டுவார். படகினர் திரளைச் சுற்றி வலை வளைப்பர். கரைசேர்ந்த மீனை உப்பிட்டு அடுக்கி, பின்னர் பீப்பாய்களில் இட்டு, எடையேற்றிய மரத்தால் அழுத்துவர். அழுத்தத்தில் வடியும் எண்ணெய் விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் விலைபோயிற்று. அழுத்திய மீன் தெற்கு ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகளுக்கு நோன்புநாள் உணவாகச் சென்றது. புரோட்டஸ்டன்ட் குடியேறிகளின் வாழ்வு கத்தோலிக்கரின் நோன்பைச் சார்ந்திருந்தது என்பது அக்கால வணிகத்தின் இயல்பைப் புலப்படுத்துகிறது.

இத்தொழிலுக்கு மீனவர் மட்டும் போதார். உப்பு இறக்குமதி செய்வோர், பீப்பாய் செய்வோர், வலை பின்னுவோர், மீனை அடுக்கி அழுத்தும் பெண்கள், கப்பல் பிடித்து அனுப்பும் வணிகர் அனைவரும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, மீன் வராத ஆண்டைத் தாங்கும் முதல் வேண்டும். ஆகவே பால்டிமோரை இக்கட்டத்தில் ஒரு சிறு தொழிற்கூடம் எனக் கொள்வதே பொருந்தும். அத்தொழிற்கூடம் நின்ற நிலமோ உறுதியற்றது. குரூக், ஓ'டிரிஸ்கால், கார்க் நகரத்து வழக்கறிஞரான வால்டர் காப்பிங்கர் ஆகியோர் அந்நிலத்தின்மீது கொண்டாடிய உரிமைகள் நெடுங்கால வழக்குகளாயின. குரூக் 1630இல் இறந்தார். குடியேறிகள் தாம் கட்டிய வீடுகளில் எத்தனை நாள் இருப்போம் என்பதை அறியாத நிலையில்தான் 1631ஆம் ஆண்டு பிறந்தது.

4. 1631 ஜூன் 20

அந்நாள் விடியுமுன் அல்ஜியர்ஸ் நகரைச் சார்ந்த இரு கப்பல்களின் ஆட்கள் பால்டிமோரின் கடலோரக் குடியிருப்பில் இறங்கினர். தலைமை தாங்கியவர் இளைய முராத் ரெய்ஸ். ஹாலந்து நாட்டின் ஹார்லெம் நகரில் யான் யான்ஸூன் என்னும் பெயரில் பிறந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய மாலுமி அவர். 1627இல் ஐஸ்லாந்தில் நடந்த தாக்குதலோடும் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. துறைக்கு வழிகாட்டியவர் டங்கார்வன் ஊரைச் சேர்ந்த ஜான் ஹாக்கெட். வழியில் பிடிபட்ட மீன்பிடிப் படகொன்றின் தலைவர். கொள்ளையர் முதலில் கின்சேலை நாடினர் என்றும், அங்குக் காவல் மிகுதி எனக் கூறி ஹாக்கெட் அவர்களைப் பால்டிமோருக்குத் திருப்பினார் என்றும் பதிவுகள் தெரிவிக்கின்றன.

கடலோர வீடுகள் உறக்கத்திலேயே சூழப்பட்டன. எதிர்த்த இருவர் கொல்லப்பட்டனர். மேட்டுக் குடியிருப்பில் துப்பாக்கி ஒலியும் முரசொலியும் எழுந்தபின் கொள்ளையர் பின்வாங்கினர். அதற்குள் 107 பேர் கப்பல்களில் ஏற்றப்பட்டிருந்தனர் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கணக்கு. அவர்களுள் மிகுதியானோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கின்சேலில் இருந்த அரசக் காவற்கப்பல் உரிய காலத்தில் புறப்படவில்லை. பின்னர் அதிகாரிகள் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்திக்கொண்டனர். ஹாக்கெட் தூக்கிலிடப்பட்டார்.

அல்ஜியர்ஸில் அவர்களுக்கு நேர்ந்ததைப் பியேர் தான் என்னும் பிரெஞ்சுத் துறவி 1637இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். அடிமைகளை மீட்கும் பணிக்காக 1634இல் அந்நகருக்குச் சென்றவர் அவர். கணவனும் மனைவியும், தாயும் குழந்தையும் வெவ்வேறு விலைக்கு வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரித்து விற்கப்பட்டதை அவர் எழுதுகிறார். 1646இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் தூதராக எட்மண்ட் கேசன் அல்ஜியர்ஸ் சென்று மீட்புப்பணம் கொடுத்து அடிமைகளை விடுவித்தபோது, விடுவிக்கப்பட்டோரில் பால்டிமோர்ப் பெண்கள் இருவர் இருந்தனர். அதற்குள் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. குழந்தைகளாகச் சென்றோர் அந்நகரின் மொழியிலும் சமயத்திலும் வளர்ந்து பெரியோராகியிருப்பர். நாடு திரும்பியவர்களாகப் பதிவுகளில் தெரிவோர் இருவர் மூவருக்கு மேல் இல்லை.

5. ஊர் ஏன் மீளவில்லை

எஞ்சிய குடியேறிகளில் பலர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த ஸ்கிபரீனுக்கு இடம்பெயர்ந்தனர். பால்டிமோர் சில குடிசைகளைக் கொண்ட சிற்றூராயிற்று. கொள்ளையே இதற்குக் காரணம் என்பது பொதுக்கருத்து. கொள்ளை உடனடிக் காரணம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது முழு விளக்கமாகாது. மத்தி மீன் அக்கடலை விட்டு நீங்கவில்லை. தென்மேற்குக் கரையின் பிற துறைகளில் மத்தித் தொழில் பதினெட்டாம் நூற்றாண்டுவரை நடந்துகொண்டிருந்தது. மீனும் துறையும் இருந்தும் பால்டிமோர் மட்டும் மீளாமைக்கு வேறு காரணம் வேண்டும்.

அக்காரணத்தை நிலவுரிமைச் சிக்கலில் காணலாம். தம் உரிமை உறுதிப்படாத நிலத்தில், காவலற்ற கரையில், மீண்டும் முதலிட எவரும் முன்வரவில்லை. ஊரைத் தோற்றுவித்தவர் முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். காப்பிங்கரோ புலம்பெயர்ந்த ஓ'டிரிஸ்கால்களோ கொள்ளையரைத் தூண்டியிருக்கலாம் என்னும் ஐயத்தை ஆய்வாளர் சிலர் எழுப்பியுள்ளனர். அதை நிறுவும் நேர்ச்சான்று கிடைக்கவில்லை. சதி இருந்ததோ இல்லையோ, வழக்குகளால் வலுவிழந்திருந்த ஊரைக் கொள்ளை வீழ்த்தியது என்பது தெளிவு.

ஊர் அழிந்தபின்னும் அதன் நாடாளுமன்ற உரிமை அழியவில்லை. ஏறக்குறைய மக்களற்ற இவ்வூரின் பெயரால் இரு உறுப்பினர்கள் டப்ளின் நாடாளுமன்றத்தில் தொடர்ந்து அமர்ந்தனர். 1801இல் இங்கிலாந்துடன் ஒன்றிய சட்டத்தால் அவ்வுரிமை நீக்கப்பட்டபோது இழப்பீடாக 15,000 பவுண்டு வழங்கப்பட்டது. அத்தொகை ஊர்மக்களைச் சேரவில்லை. அத்தொகுதியைத் தம் கையில் வைத்திருந்த ஃப்ரீக் என்னும் நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தது.

6. மீன் நிறைந்த கடலும் பசித்த கரையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பால்டிமோரிலும் சுற்றுத் தீவுகளிலும் வாழ்ந்தோர் பெரும்பாலும் ஐரிஷ் பேசும் கத்தோலிக்க ஏழை மக்கள். அவர்கள் சிறு குத்தகை நிலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டு, இடையிடையே திறந்த சிறு படகுகளில் மீன்பிடித்தனர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்கு நோய் இவர்களை நிலைகுலையச் செய்தது. 1846–47 குளிர்காலத்தில் ஸ்கிபரீன் வட்டாரத்தின் நிலை உலகச் செய்தியாயிற்று. அவ்வூரின் அபேஸ்ட்ரூரி இடுகாட்டில் 8,000 முதல் 10,000 பேர்வரை சவப்பெட்டியும் பெயரும் இன்றிப் பொதுக்குழிகளில் புதைக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

கடலோரத்தில் வாழ்ந்தோர் ஏன் மீனை உண்டு பிழைக்கவில்லை என்னும் வினா அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. குளிர்காலத்தில் மீன்திரள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் இருக்கும். திறந்த சிறு படகு அங்குச் செல்லாது. பிடித்த மீனைச் சேமிக்க உப்பு வேண்டும். உப்பு வாங்கக் காசு வேண்டும். பசி முற்றியபோது வலையையும் துடுப்பையும் அடகுவைத்து மாவு வாங்கிய மீனவர்கள் அயர்லாந்துக் கடற்கரையெங்கும் இருந்தனர். வலை அடகுக்கடைக்குப் போனபின் கடல் எவ்வளவு நிறைந்திருந்தும் பயனில்லை. 1631க்குப் பின் மீன் இருந்தும் ஊர் இல்லாமற்போனது போலவே, இப்போது மீன் இருந்தும் உயிர் இல்லாமற்போயிற்று.

7. மூன்றாம் ஊர்: கடன், பனிக்கட்டி, இருப்புப்பாதை

அதே கடல், அதே மக்கள்; ஆயினும் பஞ்சத்திற்குப்பின் ஒரு தலைமுறை கழிந்ததும் நிலைமை மாறியது. 1879இல் இப்பகுதிக்குப் பங்குத்தந்தையாக வந்த சார்லஸ் டேவிஸ், மீனவரின் வறுமைக்குக் காரணம் சோம்பல் என்னும் அக்காலத்துக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. படகின்மையே காரணம் என அவர் கண்டார். அயர்லாந்து மீன்வள ஆய்வாளராக இருந்த தாமஸ் பிரேடியின் துணையோடு அவர் லண்டனின் பெருஞ்செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸை அணுகினார். அச்சீமாட்டி 1880 முதல் கேப் கிளியர், ஷெர்கின், பால்டிமோர் மீனவருக்குப் பெரிய படகுகளும் வலைகளும் வாங்க வட்டியில்லாக் கடன் வழங்கினார். மீனவர்கள் பருவந்தோறும் பிடித்ததிலிருந்து கடனைத் தவணையாகத் திருப்பிச் செலுத்தினர். கடன் பெற்றோர் நாணயம் காத்தமை, ஏழை மீனவருக்குக் கொடுத்தது திரும்பாது என்னும் நம்பிக்கையைத் தகர்த்தது.

இம்முறை தேடப்பட்ட மீன் கானாங்கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. வசந்தகாலத்தில் பிடித்த மீன் பனிக்கட்டியில் பொதியப்பட்டு இங்கிலாந்துச் சந்தைகளுக்குச் சென்றது. பனிக்கட்டி நார்வே நாட்டிலிருந்து கப்பலில் வந்தது. துறையில் நிறுத்திய பழைய கப்பல்களின் வயிற்றில் அது சேமிக்கப்பட்டது. இலையுதிர்கால மீனைப் பெண்கள் முதுகுவழியே பிளந்து, கழுவி, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்தனர். 1887ஐ ஒட்டித் தொடங்கிய இந்த உப்புமீன் ஏற்றுமதிக்கு அமெரிக்கா சந்தையாயிற்று. பருவகாலத்தில் மாங்க்ஸ் தீவினரும் கார்ன்வால் நாட்டினரும் தம் படகுகளோடு வந்து துறையை நிறைத்தனர்.

1893இல் ஸ்கிபரீனிலிருந்து பால்டிமோர்த் துறைவரை இருப்புப்பாதை நீண்டது. படகிலிருந்து இறங்கிய மீன் கரையிலேயே வண்டியேறிக் கார்க் நகருக்குப் போயிற்று. பஞ்சகாலத்தில் இல்லாதிருந்த மூன்றும், அதாவது தாழ்ந்த செலவில் முதல், மீனைக் காக்கும் முறை, விரைந்த போக்குவரத்து ஆகியவை, ஒருங்கே வாய்த்தன. கடல் மாறவில்லை, கரை மாறியது. ஊர் செழித்தது.

8. மீன்பிடிப் பள்ளியின் சிறுவர்

இவ்வளர்ச்சியின் அடையாளமாக 1887 ஆகஸ்டில் பால்டிமோர் மீன்பிடிப் பள்ளியைப் பர்டெட்-கூட்ஸ் சீமாட்டி திறந்துவைத்தார். சிறுவருக்குப் படகு கட்டுதல், வலை பின்னுதல், பீப்பாய் செய்தல் ஆகிய தொழில்களைக் கற்பித்துத் தேர்ந்த மீனவர் தலைமுறையை உருவாக்குவதே அதன் நோக்கம். பள்ளியின் படகுகட்டுந் தளம் பெரும்புகழ் பெற்றது. தலைமைத் தச்சர் டாம் மாய்னிஹானின் கைத்திறனில் 1922இல் அங்கு உருவான 'சீர்ஷா' என்னும் சிறு பாய்க்கலத்தில் கானர் ஓ'பிரையன் 1923 முதல் 1925 வரை உலகை வலம்வந்தார். அதே தளத்தில் 1926இல் கட்டப்பட்ட 'ஐலன்' ஃபாக்லாந்து தீவுகளுக்குச் சென்று பல பத்தாண்டுகள் உழைத்தது.

ஆயினும் பள்ளியின் மற்றொரு முகத்தை மறைத்தல் வரலாறாகாது. அது அரசுச் சான்று பெற்ற தொழிற்பள்ளி. ஆதரவற்றோரும் ஏழைக் குடும்பத்தினருமான சிறுவர்கள் நீதிமன்ற ஆணையால் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு அனுப்பப்பட்டனர். மீன்தொழில் தளரத் தளரப் பயிற்சி பெயரளவினதாயிற்று. சிறுவர் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தனர். அங்கு நிலவிய கடும் பசியையும், குளிரையும், கந்தலையும், அடியையும் முன்னாள் மாணவர்கள் பிற்காலத்தில் வாக்குமூலமாகக் கூறியுள்ளனர். 1950இல் பள்ளி மூடப்பட்டது. மீன் நிறைந்த துறையின் கரையில், மீன்பிடிப்பின் பெயர் தாங்கிய கூடத்தில், சிறுவர் பசித்திருந்தனர். பஞ்சகாலத்து முரண் இங்கு அரசின் சான்றோடு மீண்டும் அரங்கேறியது.

9. நான்காம் ஊர்: பாய்க்கலங்களின் துறை

மூன்றாம் ஊரின் தளர்ச்சியும் கடலால் வந்ததன்று. முதல் உலகப்போரின்போது, 1917 மே மாதத்தில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் இத்துறையை அடுத்த கடலில் மீன்பிடிப் படகுகள் பலவற்றை மூழ்கடித்தது. போருக்குப்பின் அமெரிக்கா உப்புமீனுக்கு இறக்குமதி வரி விதித்தது. அங்குள்ளோரின் உணவுப் பழக்கமும் மாறியது. பீப்பாய்கள் தேங்கின. நீராவி இழுவைப் படகுகளோடு போட்டியிடப் பாய்மரப் படகினரால் இயலவில்லை. இளையோர் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினர். ஏற்றிச்செல்ல மீன் குறைந்த இருப்புப்பாதை 1961இல் மூடப்பட்டது. 1973இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது; 1983இல் பொது மீன்வளக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதைப் பிரசல்ஸ் நகரில் வகுக்கும் பங்கீடு உறுதிசெய்யலாயிற்று.

இன்றைய பால்டிமோர் கோடைகாலப் பாய்க்கலப் பயணிகளின் ஊர். ஷெர்கின், கேப் கிளியர் தீவுகளுக்குச் செல்லும் படகுகள் இங்கிருந்தே புறப்படுகின்றன. ஊரின் உயிர்காப்புப் படகு நிலையம் தொழில்முறை மீனவர்க்கும் கேளிக்கைப் பயணிகளுக்கும் ஒருங்கே துணைநிற்கிறது. நாட்டின் முன்னணி அரசியல் தலைவரான சார்லஸ் ஹாஹியின் பாய்க்கலம் 1985இல் மிசன் முனையருகே பாறையில் மோதியபோது அவரையும் உடனிருந்தோரையும் மீட்டது பால்டிமோர்ப் படகே. மீன்பிடிப்பு இன்றும் உண்டு; ஊரைத் தாங்குவது அது மட்டுமன்று. கோடையில் நிரம்பி, குளிர்காலத்தில் வெறிச்சோடும் வீடுகள் இந்நான்காம் ஊரின் இயல்பைச் சொல்கின்றன.

10. நினைவும் வரலாறும்

நான்கு ஊர்களைக் கண்ட துறையில் ஓர் இரவு மட்டும் ஏன் நினைவாக நிலைத்தது? இதில் தாமஸ் டேவிஸ் (1814–1845) என்னும் தேசியக் கவிஞருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் 1840களில் இக்கொள்ளையைப் பொருளாகக் கொண்டு இயற்றிய கதைப்பாடல் பள்ளிகள்தோறும் பரவியது. சிறைப்பட்டோர் ஆங்கிலப் புரோட்டஸ்டன்ட் குடியேறிகள். ஐரிஷ்த் தலைவரின் நிலத்தில் குத்தகைக்கு அமர்ந்தோர். டேவிஸின் பாடலிலோ தலைவி ஓ'டிரிஸ்கால் மகளாகிறாள். நிலமிழந்த குடியின் பெயர், அந்நிலத்தில் குடியேறியோரின் துயரத்தின்மேல் ஏற்றப்பட்டது. இதனை வெறும் பிழையெனத் தள்ளுவதற்கில்லை. சமயத்தாலும் குலத்தாலும் பிளவுண்ட நாட்டிற்குப் பொதுத்துயர் ஒன்றைத் தரும் முயற்சியாகவும் அது பொருள்கொள்ளத்தக்கது.

ஆனால் அம்முயற்சி வேறு நினைவுகளை ஓரங்கட்டியது. 1537இல் ஊரை எரித்தோர் உள்நாட்டினர், அது பாடலாகவில்லை. பஞ்சத்தில் இறந்தோர் பெயரின்றிப் போயினர். மீன்பிடிப் பள்ளிச் சிறுவர் வாய்திறக்கவே அரை நூற்றாண்டு ஆயிற்று. அயலார் ஓர் இரவில் இழைத்த கொடுமையை நினைவில் கொள்வது எளிது. குத்தகைச் சீட்டும், அடகுக்கடையும், அரசுச் சான்றும் பல ஆண்டுகளில் மெல்ல இழைத்ததை நினைவில் கொள்வது கடினம். முன்னதற்குப் பகைவன் உண்டு. பின்னதற்குப் பொறுப்பேற்போர் இல்லை.

முடிவுரை

பால்டிமோரின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, மீன்பிடி ஊரின் தொடர்ச்சி அதன் இயற்கைத் துறையில் இருக்கிறதேயன்றி மக்களில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சுங்கம் கொண்ட ஐரிஷ்க் குடி, மத்தி அழுத்திய ஆங்கிலக் குடியேறிகள், கானாங்கெளுத்தி பிடித்த கத்தோலிக்க மீனவர், பாய்க்கலப் பயணிகளை எதிர்கொள்ளும் இன்றைய ஊரார் ஆகிய நால்வரும் ஒரே கரையின் வெவ்வேறு சமூகங்கள். இரண்டாவது, மீன்வளம் தானாக வாழ்வாவதில்லை. 1631க்குப் பின்னும் 1847இலும் கடலில் மீன் இருந்தது. கரையில் வாழ்வு இல்லை. 1880களில் கடன், பனிக்கட்டி, இருப்புப்பாதை ஆகியவை சேர்ந்தபோது அதே கடல் ஊரை வாழ்வித்தது. மூன்றாவது, பொதுநினைவு பேரிடரைக் காக்கிறது. அப்பேரிடருக்கு ஊரை ஆளாக்கிய நிலைமைகளை மறக்கிறது. சிற்றூரின் வரலாற்றை எழுதுவோர் புகழ்பெற்ற இரவை விளக்குவதோடு நில்லாமல், அதற்கு முந்திய ஆண்டுகளின் குத்தகை வழக்குகளையும் பிந்திய ஆண்டுகளின் வெறுமையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். சிறைபிடிக்கப்பட்ட 107 பேருக்கு நீதி செய்யும் முறையும் அதுவே. பஞ்சக்குழியில் பெயரிழந்தோர்க்கும் பள்ளியில் பசித்த சிறுவர்க்கும் வரலாற்றில் உரிய இடம் அளிக்கும் முறையும் அதுவே.